பேராசிரியருக்குப் பதிலாக வந்தவர்

ஞாயிறு காலை

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். நீயும், பெரிய வயலின் மாதிரி இருக்கும் உன் செல்லோவும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில், 'அதான் வாரா வாரம் பேசறோமே, அப்புறம் எதுக்குக் கடுதாசி?' என்று கேட்டாய். பேசுகிறோம்தான். ஆனால் மணி அடித்ததும் மாமா பாய்ந்து எடுத்துவிடுகிறார். இருபது நிமிடத்தில் பதினெட்டு அவருடையது. மிச்சம் இரண்டு நிமிடத்தில் நீ 'சாப்பிட்டீங்களா' என்கிறாய், நான் 'ஆச்சு' என்கிறேன். நான் 'அங்க குளிரா' என்கிறேன், நீ 'ஆமா' என்கிறாய். அதோடு சரி. போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். பேனா பிடித்தால் கொஞ்சம் வருகிறது. நீ அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போன பதினாலு மாதத்தில் இது இருபத்தேழாவது கடிதம். உன்னிடமிருந்து வந்தது நாலு. குறை சொல்லவில்லை, சும்மா எண்ணிப் பார்த்தேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் இசைக் கட்டடத்தில் எனக்கு மாதாந்திர லிஃப்ட் பராமரிப்பு. வேலையை முடித்துக் கதவைப் பூட்டும்போது, துறை அலுவலகத்து அம்மா மாடிப்படியில் நின்றபடி கூப்பிட்டார். 'சார், இந்த வருஷம் ஆசிரியர்களைப் பாராட்டி ஒரு விழா வைக்கிறோம். மேடம் ஊர்ல இல்லாததால அவங்க பரிசை நீங்கதான் வந்து வாங்கிக்கணும்' என்றார். என் கையெல்லாம் கிரீஸ். பேண்ட்டில் துடைத்துக்கொண்டே 'சரிம்மா' என்றேன். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டடத்துக்குப் போய் வருகிறேன். அங்கே என்னை ஒருவர் 'சார்' என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஸ்பேனர் கூடவே இருந்தான். லிஃப்ட் கம்பெனியில் என் ஜோடி அவன், உனக்குத்தான் தெரியுமே. வண்டியில் ஏறியதிலிருந்து, 'சார், அந்த ஆயில் கேனை எடுங்க சார்' என்று ஒரே கேலி.

விழா வரும் சனிக்கிழமை. துறை மடலில் எல்லா விவரமும் இருக்கிறதாம். எனக்குத்தான் இன்னும் மடல் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் 'நம் துறையினரின் சாதனைகள்' என்ற பக்கத்தை நான் எப்படிப் படிப்பேன் என்று உனக்குத் தெரியும். பியானோ ஆசிரியை புது இசைத்தட்டு வெளியிட்டார், புல்லாங்குழல் ஆசிரியர் எங்கேயோ போட்டிக்கு நடுவராகப் போனார் என்றெல்லாம் போட்டிருக்கும். எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. உன் பெயருக்குக் கீழே எத்தனை வரி, மற்றவர்களுக்கு எத்தனை வரி, அவ்வளவுதான். போன வருஷம் உனக்கு ஒன்பது. புல்லாங்குழலுக்கு ஆறுதான், அதிலும் ஒரு வரி அவர் பட்டங்களுக்கே போயிற்று. மாமாவின் வழி வேறு. நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய மனுஷர் அல்லவா, சிவப்புப் பென்சிலோடுதான் உட்காருவார். மகள் உலக மேடையில் வாசித்தாள் என்பது கண்ணில் படாது. 'மேடையில்' என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி விட்டுப்போனது படும்.

தபால் பெட்டிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. தினமும் கேட்கிறேன். 'வரலை மாப்பிள்ளை, வந்தா சொல்ல மாட்டேனா' என்கிறார். விழாவுக்கு முன்னால் பார்த்துவிட்டால் தேவலை. மேடையில் ஏறி, எதற்குப் பரிசு என்று தெரியாமல் முழிக்கக் கூடாது இல்லையா?

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் மேல் ஏறி நின்று கயிறுகளைப் பார்க்கும்போது, நாலு மாடியில் யார் எதை வாசித்தாலும் அந்தக் குழிக்குள் வந்து சேரும். கீழேயிருந்து மேளம், முதல் மாடியில் பாட்டு, அதற்கு மேலே பியானோ. எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு சந்தை மாதிரி இருக்கும். ஸ்பேனர் காதைப் பொத்திக்கொள்வான். அந்த இரைச்சலில் உன் செல்லோவை மட்டும் பிரித்து எடுக்க எனக்குத் தெரியும். இசை ஞானம் எதுவும் இல்லை, பழக்கம்தான். செவ்வாய்க்கிழமையும் நின்று கேட்டேன். நாலாவது மாடியிலிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் கேட்டேன். வேலை அரைமணி தாமதமாகிவிட்டது.

வீட்டுச் சேதி. மாமாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மாத்திரையைப் போட்டேன் என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், துவைக்கும்போது கண்டுபிடிக்கிறேன். நீ வந்து இரண்டு அதட்டு அதட்டினால்தான் சரிப்படும்.

உன் அறை ஜன்னல் சரியாக மூடாமல், நீ வாசிக்கும்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரே, அதைச் சரி செய்துவிட்டேன். லிஃப்ட் கதவுக்குப் போடும் ரப்பர் பட்டையை நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறேன். மாமாவை உள்ளே உட்காரவைத்துத் தட்டைத் தட்டச் சொல்லிவிட்டு நான் தெருவில் நின்று பார்த்தேன். ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. அடுத்த மாதக் கடைசியில் நீ வந்ததும் விடியற்காலையில்கூட வாசிக்கலாம். எதிர்வீட்டுக்காரர் நேற்று தானாகவே வந்து, 'அம்மா எப்ப வர்றாங்க? வீதியே வெறிச்சோடிக் கிடக்கே' என்றார். பார்த்தாயா, மனுஷர்களை!

வரும்போதும் விமானத்தில் செல்லோவுக்கு ஜன்னலோர இருக்கை வாங்கிவிடு. போகும்போது அது உன் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்து போயிற்று, நான் வாசலில் நின்று கை காட்டினேன். அதன் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனாலும் அதையும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வா.

விழாவுக்கு எந்தச் சட்டை என்று மாமாவுக்கும் எனக்கும் இழுபறி. நீலம்தான் என்று முடிவாகியிருக்கிறது. எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்


ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

நலம். நலமறிய அவா.

தங்களுக்குப் பதிலாக நேற்று மாலை நடந்த விழாவில் கலந்துகொண்டு, தங்கள் பரிசைப் பெற்றுக்கொண்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மரத்தட்டில் பித்தளைத் தகடு பதித்தது. பெயர் சரியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. உடையாமல் வீடு வந்து சேர்ந்தது.

அரங்கில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். என்னை முதல் வரிசையில் பியானோ ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தங்கள் பெயரை அழைத்ததும் மேடைக்குப் போனேன். துறைத் தலைவர் ஒலிபெருக்கியை என் பக்கம் திருப்பி, 'நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும்' என்றார். தயாராகப் போகவில்லை. என்ன பேசினேன் என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது. மற்றவர் வாயால் கேட்பதைவிட என் வாயாலேயே கேளுங்கள்.

'லிஃப்ட்டைப் பத்திக் கேட்டா ஒரு மணி நேரம் பேசுவேன், சங்கீதத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது' என்றேன். சிரித்தார்கள். சிரித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. 'அவங்க அடுத்த மாசக் கடைசியில வந்துடுவாங்க. அவங்க அறை ஜன்னலுக்கு நானே ரப்பர் போட்டு வச்சிருக்கேன். இனிமே எந்நேரமும் வாசிக்கலாம். நீங்க எல்லாரும் ஒரு நாள் வீட்டுக்கு வரணும்' என்றேன்.

யாரும் கை தட்டவில்லை. நான் தப்பாக ஏதோ பேசிவிட்டேன், வீட்டுக்குக் கூப்பிட்டது அதிகப்பிரசங்கித்தனம் போல என்று நினைத்தேன். புல்லாங்குழல் ஆசிரியர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசுத் தட்டை ஏந்தி நின்ற அலுவலகத்து அம்மா என் காதோரமாக, 'சார், நீங்க மடல் பார்க்கலையா?' என்று கேட்டார்.

துறைத் தலைவர் பாவம், கையில் இருந்த பாராட்டுரையைப் படித்துத்தானே ஆக வேண்டும்? படித்தார். தாங்கள் அங்கே தனி வாசிப்பு நிகழ்த்தியது, வில் பயிற்சி பற்றித் தாங்கள் எழுதிய நூல் வெளிவந்தது, எல்லாம் வந்தது. கடைசியில், அந்தப் பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பேராசிரியர் பதவியைத் தாங்கள் ஏற்றுக்கொண்டிருப்பது நம் துறைக்கே பெருமை என்று படித்தார். பன்னிரண்டு வரி இருக்கும். போன வருஷத்தைவிட மூன்று அதிகம்.

நான் சிரித்த முகமாகத்தான் நின்றேன். போட்டோவும் எடுத்தார்கள். அனுப்பிவைப்பார்கள், பாருங்கள்.

பிறகு தேநீர் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து, 'நீங்களும் அங்க போயிடுவீங்களா?' என்று கேட்டார்கள். 'பார்க்கணும், பார்க்கணும்' என்றேன். ஊருக்கே தெரிந்த சேதி வீட்டுக்காரனுக்குத் தெரியாது என்பதை எத்தனை பேரிடம் மறைக்க முடியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான். தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு, மூன்று பேருந்து நிறுத்தம் தூரம் நடந்தே வந்தேன். மரத்தட்டு கனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், தங்கள் தகப்பனார் திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வாரமாக அவருக்குத் தெரியுமாம்.

அந்தப் பதினெட்டு நிமிடத்தில் பேசியது இதுதான் போலிருக்கிறது. என்னிடம் குளிரைப் பற்றிப் பேசினாய். ஏன்? நான் என்ன, வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருப்பேனா? உன்னைக் கட்டிப் போட்டிருப்பேனா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்ல உனக்கு...

தங்கள் வெற்றிகள் தொடர வாழ்த்துகள்.

இப்படிக்கு,
பேராசிரியருக்குப் பதிலாக வந்தவர்


புதன் மதியம்

என் டீச்சருக்கு,

போன கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். திங்கள் காலை தபால் பெட்டியில் போட்ட மறு நிமிடமே மனசு கேட்கவில்லை. கடிதம் எடுக்க வரும் தபால்காரருக்காக அங்கேயே காத்திருந்து, 'அதுல ஒண்ணு என்னோடது, திருப்பிக் குடுங்க' என்று கெஞ்சினேன். 'பெட்டிக்குள்ள விழுந்தா அப்புறம் அது உங்களுது இல்ல சார்' என்று சொல்லிவிட்டார். இந்தச் 'சார்' இப்போது என்னைத் துரத்துகிறது. உன்னை 'நீங்கள்', 'தாங்கள்' என்று எழுதியதற்கு மன்னித்துவிடு. மற்றதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க இன்னும் மனசு வரவில்லை. உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டு ஞாயிறாக நீ கூப்பிடும் நேரத்தில் நான் வீட்டில் இல்லை. வேலை இருந்தது என்று மாமா சொல்லியிருப்பார். வேலை ஒன்றும் இல்லை. இரண்டு தடவையும் ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் யாரையும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். நீ கூப்பிடும் நேரம் தாண்டியதும் எழுந்து வந்தேன். விழா முடிந்து ஐந்து நாள் மாமாவோடும் பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, உப்பு வேண்டுமென்றால்கூடக் கை நீட்டிக் காட்டுவதோடு சரி. அந்த ஐந்து நாள்தான் இந்த வீட்டின் உண்மையான அளவு எனக்குத் தெரிந்தது. எவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி வைத்திருக்கிறோம்!

பிறகு அலுவலகத்து அம்மா போன் செய்தார். உன் இடத்துக்குப் புது ஆசிரியர் ஒன்றாம் தேதி சேருகிறாராம், உன் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டுமாம். சாமான்களை ஒப்படைக்க நீ கொடுத்த கடிதத்தில் உன் அப்பா பெயரைப் போட்டிருக்கிறாய். எழுபத்தொன்பது வயது மனுஷர் நாலாவது மாடியிலிருந்து அலமாரியைத் தூக்கி வருவாரா? 'நானே வரேம்மா' என்றேன்.

போன வியாழன் ஸ்பேனரையும் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். பத்தொன்பது வருஷத்தில் உன் அறைக்குள் நான் மூன்று தடவைதான் வந்திருப்பேன், அதுவும் வாசலோடு. நாற்காலி, இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்ட் இரண்டு, கண்ணாடி ஒன்று, ஜன்னலோரம் காய்ந்து போன செடி. நாற்காலிக்கு முன்னால் மரத்தரையில் சின்னச் சின்னக் குழிகள், நூறு இருக்கும். ஸ்பேனர், 'என்னடா இது, கரையானா?' என்றான். செல்லோவின் அடியில் இருக்கும் முள் குத்திய தடம் என்று சொன்னேன். ஒரே இடத்தில் குத்தியிருக்கும் என்று நினைத்திருந்தேன். நீ வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னலை நோக்கி நகர்ந்து உட்கார்ந்திருக்கிறாய்.

கீழ் இழுப்பறையில் ஒரு கோப்பு. நான் துருவிப் பார்க்கவில்லை. தூக்கும்போது பட்டி அறுந்து எல்லாம் தரையில் கொட்டியது. ஆசிரியர்கள் வருஷா வருஷம் பூர்த்தி செய்து கொடுக்கும் சாதனைப் படிவங்களின் நகல்கள். பத்தொன்பது. மடலில் நான் வரி எண்ணிப் படித்ததெல்லாம் இங்கிருந்துதான் போயிருக்கிறது என்று ஆசையாக அடுக்க ஆரம்பித்தேன்.

எட்டாவது படிவம். நான் லிஃப்ட் குழியில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு எட்டு மாதம் படுத்திருந்தேனே, அந்த வருஷத்துடையது.

அந்த வருஷம் வெளிநாட்டு வாத்தியக் குழு ஒன்றுக்கு நீ விண்ணப்பித்திருந்தாய். என்ன ஆயிற்று என்று படுக்கையிலிருந்தபடி கேட்டேன். 'கிடைக்கலை, விடுங்க' என்று சொல்லி, என் தலையணையைத் தட்டிப் போட்டாய். 'போகட்டும், அவங்களுக்குக் குடுத்து வைக்கலை' என்று நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். ஆறுதல்! படிவத்தில் 'இந்த ஆண்டு பெற்ற அழைப்புகள்' என்ற இடத்தில் அந்தக் குழுவின் பெயரை எழுதி, பக்கத்தில் 'வந்தது. போகவில்லை' என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்துத்தான். 'வ' போடும்போது நீ இழுக்கும் இழுப்பு எனக்குத் தெரியாதா?

அதற்குக் கீழே, 'இந்த ஆண்டின் முக்கியச் சாதனை' என்ற கட்டம். அதில் ஒரே வரி. 'என் கணவர் இன்று காலை ஊன்றுகோல் இல்லாமல் குளியலறை வரை நடந்தார்.'

ஓரத்தில் அப்போதைய துறைத் தலைவர் சிவப்பு மையில், 'இவ்விவரம் பொருந்தாது. திருத்தி அனுப்பவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த தாள், நீ திருத்தி அனுப்பியது. 'ஏதுமில்லை' என்று இருக்கிறது. அந்த வருஷ மடலில் உன் பெயரே வரவில்லை. படுத்துக்கொண்டே அந்த மடலைப் படித்து, 'என்ன இது, இந்த வருஷம் ஒண்ணுமே பண்ணலையா நீ?' என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இப்போது அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்பேனர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அலமாரியைத் தனியாளாக இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டு வந்து, 'மெதுவா வா, நான் கீழ இருக்கேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். நண்பன் என்றால் அவன்தான்.

வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தை மாமாவுக்கு முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து போய்த் தன் மெத்தைக்கு அடியிலிருந்து இந்த வருஷ மடலை எடுத்து வந்தார். வந்து நாலு வாரம் ஆயிற்றாம். ஒளித்து வைத்தாரே தவிர, பழக்கதோஷம் விடவில்லை. உன்னைப் பற்றிய பன்னிரண்டு வரியிலும் சிவப்புப் பென்சிலால் திருத்தியிருக்கிறார். 'நிரந்தரப்' என்பதில் 'ப்' விட்டுப்போயிருந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு அழுதார். நான் அவரை முதல் தடவையாக அப்படிப் பார்த்தேன்.

'மாப்பிள்ளை, அவ உங்களை விட்டுட்டுப் போகலை. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அங்கயே நிக்கிறா. நீங்க வேண்டாம்னு சொன்னா வந்துடுவா, அதுக்குப் பயந்துதான் சொல்லலை. என்னையே உங்ககிட்ட சொல்லச் சொன்னா, எனக்கும் வாய் வரலை' என்றார்.

இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? நீ என்னிடம் கேட்டிருந்தால், நான் வாயால் 'போ' என்று சொல்லியிருப்பேன். முகத்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பிறகு ஜன்னலைக் காட்டியிருப்பேன், மாமாவின் முழங்காலைக் காட்டியிருப்பேன். நீ வந்திருப்பாய். அன்றைக்கு ஒரு தடவை எனக்காக நின்றாய், அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. இன்னொரு தடவையும் சொல்லிக்காட்டாமலேயே நின்றிருப்பாய். என்னைப் பற்றி நீ போட்ட கணிப்பு தப்பில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஆனால் ஒன்று. அன்றைக்கு நீ சொல்லாததால் உனக்கு நன்றி சொல்ல எனக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. பதினோரு வருஷம் கடன்காரன் என்றுகூடத் தெரியாமல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இந்தத் தடவை நீ சொல்லாததால், உனக்காகச் சந்தோஷப்படும் முதல் ஆளாக நான் இருக்க முடியாமல் போயிற்று. நூற்றியோராவது ஆளாகத்தான் கேட்டேன். நல்லதோ கெட்டதோ, இனி என்னிடம் சொல். என் முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதனால் இப்போது சொல்கிறேன், தாமதமாகச் சொன்னாலும் முகத்தோடு சேர்த்தே சொல்கிறேன்: அந்த வேலையை விடாதே. எனக்காகவும் விடாதே, மாமாவுக்காகவும் விடாதே. உன் சாமான்கள் எல்லாம் நம் வீட்டில் உன் அறையில் பத்திரமாக இருக்கின்றன. பரிசுத் தட்டைக் கூடத்தில் மாட்டினோம். மாமா அளவெடுத்துச் சொல்ல, நான் ஆணி அடித்தேன். கொஞ்சம் கோணல்தான்.

நேற்று நாங்கள் இருவரும் கடைத்தெரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாஸ்போர்ட் அளவில் போட்டோ எடுத்துக்கொண்டோம். 'பெரியவரே, பல்லு தெரியக் கூடாது' என்று போட்டோக்காரர் சொல்லச் சொல்ல மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாலு தடவை எடுத்தார். என்னைப் பார்த்து, 'நீங்க இவ்வளவு முறைக்க வேண்டியதில்லை' என்றார். போட்டோ எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கையில் இருக்கட்டும் என்றுதான்.

விசாவுக்கான படிவத்தையும் இரண்டாக வாங்கி வந்திருக்கிறோம். பெயர், பிறந்த தேதி, தொழில் எல்லாம் எழுதியாயிற்று. 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, 'மகளைப் பார்க்க' என்று எழுதிப் புள்ளியும் வைத்துவிட்டார். என்னுடையதில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. என்ன எழுதலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். உன் பதில் வரும்வரை அதை அப்படியே விட்டு வைக்கிறேன். அவசரம் இல்லை. மெதுவாக யோசித்து எழுது. போனில் வேண்டாம்.

குளிரில் விரல்களைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு. நன்றாக வாசி. நீ எங்கே வாசித்தாலும் அந்த இடம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும்.

எப்போதும் உன்,
வீட்டுக்காரன்